தோல் கறுத்தால் பழம்பொரி! வாழை விளையும் தேவாரத்தில் இருந்து ஒரு மாலைப் பலகாரம்

வாங்கி வைத்த வாழைப்பழத்தின் தோலில் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டால், பிள்ளைகள் அதன் பக்கமே போக மாட்டார்கள். இன்னும் 2 நாள் போனால் பெரியவர்களும் தொட மாட்டார்கள். மூன்றாம் நாள் அது மாட்டுக்கோ குப்பைக்கோ போய்ச் சேரும். வாழை விளையும் ஊர்களிலும் இதே கதைதான். ஆனால், எல்லோரும் ஒதுக்கும் அந்தப் பழத்துக்காகவே காத்திருக்கும் ஒரு பலகாரம் இருக்கிறது. அது பழம்பொரி. டீக்கடையில் 'பழ பஜ்ஜி' என்று கேட்டால் கிடைக்குமே, அதுதான்.

வீட்டில் பழம்பொரி செய்து பார்த்தவர்களில் பலர், 'கடை ருசி வரவில்லை, எண்ணெய் குடித்துவிட்டது' என்று சலித்துக்கொள்வார்கள். மாவையும் அடுப்பையும் குறை சொல்வார்கள். உண்மையில் தவறு அதற்கு முன்பே, பழத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நடந்துவிடுகிறது. பழுக்காத பழத்தில் இனிப்பு இருக்காது. அதை ஈடுகட்ட மாவில் சர்க்கரையை அள்ளிப் போடுகிறோம். சர்க்கரை கூடிய மாவு எண்ணெயில் விழுந்ததும் சீக்கிரம் கறுக்கிறது. கறுக்கிறதே என்று தீயைக் குறைக்கிறோம். சூடு குறைந்த எண்ணெயில் துண்டுகள் நெடுநேரம் கிடந்து எண்ணெயைக் குடிக்கின்றன. ஆக, பழம் நன்றாகப் பழுத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

மலைக்கு இந்தப் பக்கம் தேவாரம்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத்தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது தேவாரம். போடியில் இருந்து வரும்போது, இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்துக்கு முன்னால் வரும் ஊர். ஊருக்கு மேற்கே எழுந்து நிற்கும் மலையைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பார்வைக்குப் பக்கம், பயணத்துக்குத் தூரம். சாக்கலூத்து மெட்டு வழியாக நேராக மலையேற ஒரு சாலை வேண்டும் என்பது இந்த ஊரின் பல்லாண்டுக் கோரிக்கை. அது இல்லாததால் போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ சுற்றித்தான் போக வேண்டும்.

இந்தப் பகுதியில் இருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் பெண்கள் ஏராளம். அந்தத் தோட்டங்களில் பறிக்கும் ஏலக்காய், இடுக்கியின் புற்றடியிலும் நம் போடிநாயக்கனூரிலும் ஏலத்துக்கு வருகிறது. மலைக்கு அந்தப் பக்கம் விளையும் ஏலக்காயும் இந்தப் பக்கம் விளையும் வாழையும் ஒரே வாணலியில் சேர்வதுதான் பழம்பொரி. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால், வேலைக்குப் போய் அலுத்து வருபவர்களுக்கும் இது தோதான பலகாரம்.

குமுளி, நெடுங்கண்டம் பக்கம் போனால் டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொரி அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். மத்திய கேரளத்தில் இதையே 'ஏத்தக்காய் அப்பம்' என்கிறார்கள். மலையாளிகளுக்கு இதன்மேல் இருக்கும் பிரியம் சாதாரணமானதல்ல. 2020 ஜனவரியில் ரயில் நிலைய உணவுப் பட்டியலை மாற்றியபோது, பழம்பொரி உள்ளிட்ட கேரளப் பலகாரங்கள் விடுபட்டுப்போயின. எதிர்ப்புக் கிளம்பியது, விஷயம் ரயில்வே அமைச்சர் வரை போனது. பிறகு அவை பட்டியலுக்குத் திரும்பின.

தோலுக்கு விலை, சதைக்கு ருசி

உலகிலேயே வாழை அதிகம் விளையும் நாடு இந்தியா. மத்திய அரசு 2021-ல் தோட்டக்கலைப் பயிர்த் தொகுப்புகளுக்கான முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியபோது, வாழைக்காக 2 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. ஒன்று ஆந்திரத்தின் அனந்தபூர், மற்றொன்று தேனி. இங்கு விளையும் ஜி-9 ரகம் வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறுகிறது.

ஏற்றுமதிக்குப் போகும் தாரின் தோலில் கீறல் இருக்கக் கூடாது, உரசல் இருக்கக் கூடாது, புள்ளி இருக்கக் கூடாது. அதற்காகத் தாருக்கு உறை மாட்டி, சீப்பு சீப்பாக அறுத்து, கழுவி, தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிறார்கள். உரசல் பட்ட சீப்பு உள்ளூர்ச் சந்தைக்கு வந்துவிடும். ஏறத்தாழ ஓர் ஆண்டு தண்ணீர் பாய்ச்சி வளர்த்த விவசாயிக்கு, தோலில் விழுந்த ஒரு கோட்டால் விலை குறைகிறது. கோடை மழையோடு சூறைக்காற்று அடித்தால் குலை தள்ளிய மரங்கள் அப்படியே சாய்ந்துபோகும். கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு இது பழகிப்போன வேதனை.

தோலில் இருக்கும் கோடு சதையின் ருசியைக் குறைப்பதில்லை. கடையில் தள்ளி வைத்திருக்கும் சீப்பை நம் சமையலறை ஏற்றுக்கொண்டால், விளைந்த பழம் வீணாகாமல் வயிற்றுக்குப் போகும்.

எந்தப் பழம் பொரியும்?

நேந்திரம்: பழம்பொரிக்கு முதல் தேர்வு. பூவன், ரஸ்தாளி போன்றவை பழுத்தால் மாவுச்சத்து ஏறக்குறைய முழுவதும் சர்க்கரையாக மாறி, சதை குழைந்துவிடும். நேந்திரம் நன்றாகப் பழுத்த பிறகும் கொஞ்சம் மாவுச்சத்தைத் தக்கவைத்துக்கொள்ளும். அதனால்தான் கொதிக்கும் எண்ணெயிலும் துண்டு உடையாமல் நிற்கிறது.

கற்பூரவள்ளி: நேந்திரம் கிடைக்காத நாளில் கைகொடுக்கும். தேன் போன்ற இனிப்பு, கெட்டியான சதை. தாய்லாந்தின் தெருவோரக் கடைகளில் பொரிக்கும் வாழைப்பழமும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். சின்னப் பழம் என்பதால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் போதும்.

செவ்வாழை: பொரிக்கலாம். ஆனால், விலை அதிகம், தோல் உரித்துச் சாப்பிடவே ருசியான பழம். ஒன்றிரண்டு மிஞ்சினால் மட்டும் பயன்படுத்தலாம்.

ஜி-9: தண்ணீர்ச் சத்து அதிகம். காம்பில் லேசாகப் பச்சை இருக்கும்போதே பொரிக்க வேண்டும். புள்ளி விழுந்த பிறகு துண்டு போட்டால் எண்ணெயில் கரையும். அந்தப் பழத்தைப் பின்னால் சொல்லியிருக்கும் அப்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பூவன், நாழிப்பூவன், ரஸ்தாளி: இவற்றைப் பொரிக்காமல் அப்படியே சாப்பிடுவது நல்லது.

பழுத்ததா என்று பார்ப்பது எப்படி?

நேந்திரம் மஞ்சளாக மாறியதும் வாணலியை எடுத்துவிடக் கூடாது. அப்போது அது பாதிதான் பழுத்திருக்கும். தோலில் பாதி அளவுக்குக் கறுப்புப் படர வேண்டும். விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், ஆனால் குழையக் கூடாது. ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டால் நாக்கில் துவர்ப்பே தெரியக் கூடாது. இந்தப் பதம் வந்தால், மாவில் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையே போதும்.

காய்வெட்டாக வாங்கியிருந்தால் சாக்கிலோ காகிதத்திலோ சுற்றி வைக்கலாம். பாட்டிமார் செய்ததுபோல் அரிசிப் பானைக்குள் புதைத்தும் வைக்கலாம். பழத்தில் இருந்து இயல்பாக வெளியேறும் எத்திலீன் வாயு அங்கேயே தங்கி, பழுப்பதைத் துரிதப்படுத்தும். பக்கத்தில் ஒரு பழுத்த தக்காளியையோ ஆப்பிளையோ வைத்தால் இன்னும் வேகம். பழுக்காத வாழையை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். குளிரில் தோல் மட்டும் கறுக்கும், உள்ளே பழுக்காது. நன்றாகப் பழுத்த பிறகு ஓரிரு நாள் தள்ளிப்போட வேண்டுமானால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். தோல் கறுத்தாலும் சதை கெடாது.

கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. வணிகர்கள் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் அளவுக்குள் பயன்படுத்த மட்டுமே அனுமதி உண்டு. சந்தேகம் இருப்பவர்கள் பச்சையாக வாங்கி வீட்டில் பழுக்கவைத்துக்கொள்வதே நிம்மதி.

பழம்பொரி செய்முறை

தேவையானவை (4 பேருக்கு): நன்கு பழுத்த நேந்திரம்பழம் - 3, மைதா அல்லது கோதுமை மாவு - 1 கப், அரிசி மாவு - 2 மேசைக்கரண்டி, நாட்டுச்சர்க்கரை - 1 மேசைக்கரண்டி, ஏலக்காய்த்தூள் - அரை டீஸ்பூன், மஞ்சள்தூள் - கால் டீஸ்பூன், உப்பு - 1 சிட்டிகை, கறுப்பு எள் - 1 டீஸ்பூன் (விருப்பப்பட்டால்), தண்ணீர் - முக்கால் கப் முதல் 1 கப் வரை, பொரிக்க எண்ணெய் - தேவையான அளவு.

மாவு கரைப்பது: மாவு, சர்க்கரை, உப்பு, மஞ்சள்தூள், ஏலக்காய், எள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கவும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கட்டி இல்லாமல் இட்லி மாவுப் பதத்தில் கரைக்கவும். கரண்டியை முக்கி எடுத்தால் அதன் முதுகில் மாவு படிந்து நிற்க வேண்டும். 10 நிமிடம் மூடி வைக்கவும். வீட்டில் புளித்த தோசை மாவு இருந்தால் 2 மேசைக்கரண்டி சேர்க்கலாம், உள்ளே மெத்தென்று வரும். சோடா மாவு தேவையில்லை. கூடினால் எண்ணெய் குடிக்கும்.

பழம் நறுக்குவது: தோலை உரித்து, பழத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டவும். ஒவ்வொரு பாதியையும் நீளவாக்கில் 2 அல்லது 3 துண்டுகளாகச் சீவவும். மிகவும் மெல்லியதாகச் சீவினால் பழத்தின் ருசி தெரியாது. தடிமனாக இருந்தால் உள்ளே சூடு ஏறாது. மாவு தயாரான பிறகு நறுக்குவது நல்லது. முன்பே நறுக்கி வைத்தால் நீர் விட்டு, மாவு ஒட்டாமல் வழுக்கும்.

பொரிப்பது: அடி கனமான வாணலியில் எண்ணெயை மிதமான தீயில் காயவைக்கவும். ஒரு சொட்டு மாவைப் போட்டால், அது அடியில் தங்காமல், உடனே கறுக்காமல் மேலே மிதந்து வர வேண்டும். வெப்பமானி இருந்தால் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ். துண்டுகளை மாவில் முக்கி, வாணலியின் ஓரமாக எண்ணெயில் வழுக்கவிடவும். ஒரு தடவைக்கு 4 துண்டுகள் போதும். நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும். ஒரு பக்கம் உப்பி நிறம் மாறியதும் திருப்பிவிடவும். 3 முதல் 4 நிமிடத்தில் பொன்னிறமாகிவிடும். எண்ணெயின் சலசலப்பு அடங்கியதும் எடுத்து, சல்லடை மேல் நிற்கவைத்து வடியவிடவும். பேப்பர் மேல் குவித்தால் ஆவியில் நமத்துப்போகும்.

எடுத்த உடனே கடிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பழம் மிகவும் சூடாக இருக்கும். பிள்ளைகளுக்கு 5 நிமிடம் ஆறவைத்துக் கொடுக்கவும்.

எங்கே தப்பு நடக்கிறது?

மாவு கழன்று தனியாக மிதந்தால்: பழம் ஈரமாக இருந்திருக்கும், இல்லையென்றால் மாவு நீர்த்திருக்கும். துண்டுகளை அரிசி மாவில் லேசாகப் புரட்டிவிட்டு மாவில் முக்கலாம்.

எண்ணெய் சொட்டினால்: எண்ணெய் சரியாகக் காயவில்லை. தீயைக் கொஞ்சம் கூட்டவும்.

வெளியே கறுத்து, உள்ளே மாவு வேகாமல் இருந்தால்: தீ அதிகம் அல்லது மாவில் சர்க்கரை அதிகம்.

கடித்தால் துவர்த்தால்: பழம் பழுக்கவில்லை. அடுத்த முறை 2 நாள் பொறுக்கவும்.

சிறிது நேரத்தில் நமத்துப்போனால்: அரிசி மாவை ஒரு மேசைக்கரண்டி கூட்டவும். மலேசியா, சிங்கப்பூரில் 'கோரேங் பீசாங்' போடுபவர்கள் அரிசி மாவோடு சுண்ணாம்புத் தெளிநீரும் கொஞ்சம் விடுவது வழக்கம். மொறுமொறுப்பு நெடுநேரம் நிற்கும். அங்கே இருக்கும் தமிழர் வீடுகளுக்கும் மாலை டீயோடு பழக்கமான பலகாரம் இது.

குழைந்த பழத்துக்கு அப்பம்

முழுக்கக் கறுத்துக் குழைந்துபோன பழத்தைத் துண்டு போட முடியாது. அதற்கும் வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்குச் சுடும் அப்பம்தான் அது. 2 பழத்தை மசித்து, 1 கப் கோதுமை மாவு, கால் கப் அரிசி மாவு, அரை கப் வெல்லம் கரைத்து வடிகட்டிய நீர், ஏலக்காய்த்தூள், பொடியாக நறுக்கிய தேங்காய் சேர்த்துக் கரைக்கவும். குழிப்பணியாரக் கல்லில் குழிக்கு அரை டீஸ்பூன் நெய் விட்டு, சிறு தீயில் இருபுறமும் வேகவிடவும். எந்த ரக வாழைப்பழமும் இதற்கு ஆகும். பழத்தின் இனிப்பைப் பொறுத்து வெல்லத்தைக் குறைத்துக்கொள்ளலாம். எண்ணெயில் முக்கிப் பொரிக்காததால் வயதானவர்களுக்கும் கொடுக்கலாம்.

இன்னும் எளிதாக வேண்டுமா? நேந்திரத்தை வட்டமாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் நெய்யில் இருபுறமும் சிவக்க வதக்கி, தேங்காய்த் துருவலும் ஏலக்காயும் தூவினால் 5 நிமிடத்தில் ஒரு இனிப்பு தயார். மாவு வேண்டாம், சர்க்கரை வேண்டாம்.

பண்டிகை நாள் என்றால் மலபாரின் 'உன்னக்காய்' செய்து பார்க்கலாம். முக்கால் பதம் பழுத்த நேந்திரத்தை ஆவியில் வேகவைத்து, நடு நாரை நீக்கி மசிக்கவும். உள்ளே தேங்காய், சர்க்கரை, முந்திரி, ஏலக்காய்ப் பூரணம் வைத்து, இரு முனையும் கூராக உருட்டிப் பொரிக்கவும். பிலிப்பைன்ஸ்காரர்கள் வாழைப்பழத்தோடு ஒரு கீற்றுப் பலாச்சுளையும் வைத்து, மெல்லிய மாவுத் தாளில் சுருட்டிப் பொரிக்கிறார்கள். அதன் பெயர் 'துரோன்'. பலாப்பழக் காலத்தில் நம் வீட்டிலும் சமோசா தாளில் சுருட்டி இதை முயலலாம்.

எண்ணெய் விஷயத்தில் கவனம்

பழம்பொரி செய்த எண்ணெயில் சர்க்கரையும் மாவுத்துகளும் கருகித் தங்கும். அதை அப்படியே வைத்து மறுபடி மறுபடி காய்ச்சுவது உடலுக்குக் கெடுதல். திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெயில் துருவச் சேர்மங்கள் பெருகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரே எண்ணெயை அதிகபட்சம் 3 முறைக்குமேல் பயன்படுத்த வேண்டாம் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை.

வீட்டில் அதை அளந்து பார்க்க முடியாது. அதனால், சிறிய குழிவான வாணலியில் குறைவான எண்ணெய் விட்டு, 4 துண்டுகளாகப் பொரிப்பதே சுலபமான வழி. மிஞ்சியதை ஆறவைத்து, துணியில் வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடலாம். நிறம் கறுத்து, நுரைத்து, பிசுபிசுத்தால் கொட்டிவிட வேண்டும். ஆனால், சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். பழைய பாட்டிலில் அடைத்துக் குப்பையில் சேர்க்கவும்.

எவ்வளவு நல்ல எண்ணெய் என்றாலும் இது பொரித்த இனிப்பு. பிள்ளைகளுக்கு 2 துண்டு, பெரியவர்களுக்கு 1 அல்லது 2 துண்டு போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் 'மாவில் சர்க்கரை போடவில்லையே' என்று ஏமாந்துவிடக் கூடாது. பழுத்த நேந்திரத்தில் இருப்பதும் சர்க்கரைதான், மேலே இருப்பது மாவு. ஆசைக்கு ஒரு சின்னத் துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்த முறை பழக்கடைக்குப் போகும்போது, மஞ்சள் மின்னும் சீப்புக்குப் பின்னால் ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கும் புள்ளி விழுந்த நேந்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குறைத்தே கொடுப்பார்கள். அன்று மாலையே பொரித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.